பொருள்: 'டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்' – வகுப்பில் சொல்ல ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு கல்லூரியில் முதலாண்டு வணிகவியல் பிள்ளைகளுக்குப் புள்ளியியல் எடுக்கிறேன். சராசரி, இடைநிலை, முகடு, திட்ட விலக்கம் வரை தமிழில் தடங்கலில்லாமல் போய்விடுகிறது. எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்துவிட்டு வகுக்கிறோமே, அங்கேதான் வண்டி நிற்கிறது.

போன வாரம் 'சுதந்திரப் பாகை' என்று கரும்பலகையில் எழுதினேன். பின்வரிசைப் பையன் ஒருவன், "சார், கோணமானி கொண்டு வரணுங்களா?" என்றான். கேலி இல்லை. அவனுக்குப் பாகை என்றால் கோணம். படி என்றால் பல்லுறுப்புக்கோவை. பட்டம் என்றால் அவன் வாங்க வந்திருப்பது. இயற்பியல் நூலில் 'சுதந்திர இயக்கக்கூறுகள்' என்று போட்டிருக்கிறார்கள். ஓரணு வாயுவுக்கு மூன்று என்னும்போது அது பொருந்தும், அங்கே ஏதோ நகர்கிறது. நம் கணக்கில் எதுவும் இயங்கவில்லை. போதாததற்கு, 'கூறு' என்பதை நாம் சாம்பிளுக்குக் கொடுத்துவிட்டோம்.

விஷயம் இதுதான். ஐந்து நாள் சம்பங்கி விலையின் சராசரி கிலோவுக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்கு நாள் விலையை உங்கள் இஷ்டத்துக்கு எழுதலாம்: 40, 70, 65, 80. ஐந்தாவது 45தான். சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டே திரண்டு வந்தாலும் மாற்ற முடியாது. இஷ்டத்துக்கு எழுத முடிந்த அந்த நான்குதான் 'டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்'. விலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 1150. அதை ஐந்தால் வகுத்தால் 230, நான்கால் வகுத்தால் 287.5. சராசரியையும் இதே ஐந்து விலையிலிருந்துதானே எடுத்தோம்? அது இவற்றுக்கு நடுவிலேயே உட்கார்ந்துகொள்வதால் விலக்கம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். நான்கால் வகுப்பது அதை ஈடுகட்டத்தான்.

என் யோசனை: கட்டற்ற எண்ணிக்கை. உங்கள் கருத்து?

—

தம்பிக்கு,

'கட்டற்ற எண்ணிக்கை' என்றால் எண்ணி மாளாதது என்று படிப்பார்கள். 'கட்டிலா எண்' என்று சுருக்கிப் பார்த்தேன். வீட்டில் எட்டிப் பார்த்துவிட்டு, "கட்டிலா, மெத்தையா?" என்றார்கள். அத்தோடு விட்டேன்.

நீங்களே பூவை எடுத்துவிட்டீர்கள், சொல்லும் அங்கேயே கிடக்கிறது. கடையில் உதிரிப்பூ, கட்டின பூ என்று இரண்டாகத்தானே விற்கிறார்கள்? சராசரியைப் பிடித்ததும் ஒரு பூ கட்டுக்குள் போய்விட்டது. மிச்சம் நான்கு உதிரி. 'உதிரி எண்' என்று வைத்துப் பாருங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

—

ஐயா சொல்வது காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் திருப்பூரில் உதிரி என்றால் மெஷின் உதிரி பாகம். பழுதானால் மாட்ட எடுத்து வைத்தது என்றுதான் தோன்றும். நான் பனியன் கம்பெனியில் தரம் பார்க்கிறவன். பகல், இரவு என இரண்டு ஷிஃப்ட். துளை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது என மூன்று வகைக் குறை. ஷிஃப்டுக்கும் குறைக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கும் கை-வர்க்கச் (chi-square) சோதனைக்கு இந்த அட்டவணையைப் போட்டால் உங்கள் உதிரி எத்தனை வரும்?

—

மீண்டும் நான்தான், முதலில் சொல் கேட்டவன். நல்ல கேள்வி, விடை இரண்டு. கட்டம் ஆறு. ஓரத்துக் கூட்டுத்தொகைகளை எழுதிவிட்டு, பகல் ஷிஃப்டின் துளையையும் கறையையும் மட்டும் நிரப்புங்கள். மற்ற நான்கும் தாமாக வந்து விழும். இதில் நம் பிள்ளைகள் தடுமாறுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. 1900-இல் இந்தச் சோதனையைக் கொண்டுவந்த கார்ல் பியர்சனே இத்தகைய அட்டவணைக்கு மொத்தக் கட்டத்தில் ஒன்றை மட்டும்தான் கழித்தார். அவர் கணக்கில் இது ஐந்து. 1922-இல் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் அதைத் திருத்தினார். இத்தனை கட்டு விழுந்திருக்கிறது என்று சொல்ல ஒரு சொல் கையில் இருந்தால் இதை விளக்குவது சுலபம்.

அதனால் ஐயாவின் பக்கம் சாய்கிறேன், ஒரு திருத்தத்தோடு. 'உதிரி எண்' என்றால் ஏதோ ஒரு தனி எண்ணைச் சொல்வது போலிருக்கிறது. 'உதிரி எண்ணிக்கை' என்போம். உதிரி பாகச் சிக்கல் உண்மைதான். ஆனால் 'கட்டு' என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தால் ஸ்பேர் பார்ட்ஸ் நினைவு வராது என்று நினைக்கிறேன். உதிரியைத் தனியாக விட்டால் திருப்பூர்க்காரர் சொல்வதுதான் நடக்கும்.

நேற்று அப்படித்தான் நடத்தினேன். வகுப்பு முடியும்போது ஒரு பெண், "அப்ப ரெண்டு கட்டுப் போட்டா ரெண்டு உதிரி குறையுங்களா சார்?" என்று கேட்டது. தொடர்புப் போக்குக் கோட்டுக்கு (ரெக்ரெஷன் லைன்) சாய்வு ஒன்று, வெட்டுத்துண்டு ஒன்று என இரண்டைக் கழிக்க வேண்டும். அந்தப் பாடத்தை நான் இன்னும் தொடவே இல்லை.