மலேசியா, சுங்கை சிப்புட் வீட்டுக் குழு

சித்தி: கனடா வின்னிபெக்கில் தம்பி காடி (கார்) கவிழ்ந்துவிட்டதாமே! இப்போதுதான் சந்தையில் கேள்விப்பட்டேன்

அம்மா: என்ன??

அக்கா: கவிழவில்லை சித்தி. சறுக்கியது. ஸ்டேட்டஸில் படம் போட்டிருக்கிறான்

பெரிய மாமா: அன்றைக்கே சொன்னேன். ஈப்போவிலேயே வேலை இருந்தது

அப்பா: அந்தப் பேச்சு இப்போது வேண்டாம் மச்சான்

அம்மா: தம்பி பேசு

தம்பி: எனக்கு ஒன்றுமில்லை அம்மா. பம்பரில் கீறல்தான். இங்கே மாலை 6 மணி, இருட்டிவிட்டது, குளிர் மைனஸ் 24. சிவப்பு விளக்கில் பிரேக் பிடித்தேன், காடி நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. ஓரத்துப் பனிமேட்டில் முட்டித்தான் நின்றது. சந்திப்புகளில் எல்லாரும் பிரேக் பிடித்துப் பிடித்து ரோடு கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது

சித்தி: முருகா

பெரிய மாமா: பிரேக்கை விட்டு விட்டு அமுக்கவேண்டும். மரலோரி ஓட்டியவன் சொல்கிறேன்

தம்பி: அது பழைய லோரிக்கு மாமா. ஏபிஎஸ் உள்ள காடியில் அமுக்கிய காலை எடுக்கக்கூடாது, அதுவே விட்டு விட்டுப் பிடிக்கும். ஆனால் கேமரன் மலை இறக்கத்தில் சொல்லிக் கொடுத்தீர்களே, கியரைக் குறை, ஸ்டேரிங்கை வெடுக்கென்று ஒடிக்காதே என்று. இங்கே தினமும் அதைத்தான் செய்கிறேன்

பெரிய மாமா: சரி சரி

அத்தை: தைப்பூசத்துக்குக் கல்லுமலைக் கோயிலுக்கு எத்தனை பேர்? வேன்காரர் கேட்கிறார்

அக்கா: அத்தை, ஒரு நிமிடம்

தம்பி: தப்பு டயரில். காடி வாங்கிய இடத்தில் இதுவே போதும் என்றார்கள், நம்பிவிட்டேன். 7 டிகிரிக்குக் கீழே போனாலே சாதா டயரின் ரப்பர் இறுக ஆரம்பிக்கும், பிடிப்பு குறையும். குளிர்கால டயர் இளக்கமாகவே இருக்கும். இந்நாட்டு கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது கட்டாயம். இங்கே கட்டாயமில்லை, நானும் தள்ளிப்போட்டேன். பாலத்தின் மேல் இன்னும் கவனம் வேண்டும், கீழேயும் காற்று போவதால் அங்கேதான் முதலில் உறையும். இரவில் என்ஜினுக்குக் கரண்ட் பிளக் போட்டு வைக்கிறேன்

அம்மா: காடிக்குக் கரண்டா

தம்பி: என்ஜினைச் சூடாக வைக்க அம்மா. இல்லையென்றால் காலையில் கிளம்பாது

அக்கா: பாட்டி கேட்கிறார், அந்த இளக்கமான டயரில் கித்தா மரத்துப் பால் இருக்கிறதா என்று

தம்பி: இருக்கிறது பாட்டி. இயற்கை ரப்பர் சேர்ப்பார்கள்

அக்கா: "அப்படியென்றால் வாங்கச் சொல்லு" என்கிறார். நாற்பது வருடம் பால் வெட்டிய கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்

அப்பா: எவ்வளவு ஆகும் தம்பி? அனுப்புகிறேன்

அம்மா: என் கூட்டுச் சீட்டுப் பணம் இருக்கிறது

அத்தை: அது கூரைக்கு என்றீர்களே அண்ணி

சித்தி: அத்தானும் கன்சில் காடியை லோங்காங் சாக்கடையில் இறக்கியவர்தானே, பிள்ளை அப்படியே 😄

அப்பா: அது மழை

தம்பி: பணம் வேண்டாம். சனிக்கிழமைதான் கடையில் நேரம் கிடைத்தது

அம்மா: அதுவரை ஓட்டாதே. பஸ்ஸில் போ

தம்பி: நாளைக்குப் பஸ்தான். வியாழன் இரவு வேலை முடியும்போது பஸ் இருக்காது

அம்மா: அப்போது யாராவது கூட வருவார்களா?

பெரிய மாமா: போனால் மெதுவாகப் போ. முன்னால் போகும் காடிக்கு நன்றாக இடம் விடு. வீடு சேர்ந்ததும் எனக்கு ஒரு போன் பண்ணு, எந்த நேரமானாலும்

தம்பி: சரி மாமா

அம்மா: தைப்பூசத்துக்கு இவனுக்காக ஒரு பால்குடம் எடுக்கிறேன்

அத்தை: அப்போது பதினான்கு பேரா, பதினைந்தா?

சித்தி: மாமா வருகிறாரா?

அத்தை: வேன்காரர் லைனில் இருக்கிறார்