வீட்டு குரூப்: ரிசீவர் ஃபோனோவுக்கு எந்த கார்ட்ரிட்ஜ்?

[8:05] கார்த்தி: சித்தப்பா, டெக்னிக்ஸ் 1200 எம்கே2 டர்ன்டேபிளுக்கு கார்ட்ரிட்ஜ் (ஊசி இருக்கற பாகம்) வாங்கணும். தனி ப்ரீஆம்ப் (சின்ன சிக்னல ஏத்தற பெட்டி) வேண்டாம், ரிசீவர் பின்னாடி டர்ன்டேபிளுக்குன்னு இருக்கற ஃபோனோ ஜாக்குலயே சொருகப்போறேன். மூணு பாத்து வெச்சிருக்கேன்: ஆடியோ-டெக்னிகா விஎம்95இ, ஆர்ட்டஃபான் ஓஎம் 5இ, ஆர்ட்டஃபான் 2எம் ரெட். ரெட் தர்ற சிக்னல் 5.5 மில்லிவோல்ட், மத்த ரெண்டும் 4. அப்ப ரெட்தானே?

[8:11] சேகர்: மில்லிவோல்ட்ட வெச்சு முடிவு பண்ணாத. 4க்கும் 5.5க்கும் நடுவுல சத்தத்துல 2.8 டிபி (டெசிபல்) வித்தியாசம்தான். வால்யூம் குமிழை ஒரு நூல் திருப்பினா தீந்துச்சு.

[8:12] சேகர்: ரிசீவர் மேனுவல்ல ஃபோனோன்னு ஒரு வரி இருக்கும், அத அப்படியே போடு

[8:20] கார்த்தி: ஃபோனோ எம்எம் (உள்ள காந்தம் அசையற வகை) 2.5 மில்லிவோல்ட் / 47 கிலோஓம். ஓவர்லோட் (தாங்கற உச்ச அளவு) 120 மில்லிவோல்ட்

[8:24] சேகர்: 2.5 போதும்னு சொல்ற இடத்துல 4 வருது, தாராளம். ஓவர்லோடும் பயமில்ல. அந்த 4, 5.5 எல்லாம் பள்ளம் வினாடிக்கு 5 செ.மீ. வேகத்துல ஆடும்போது வர்ற கணக்கு. ரொம்ப சத்தமான இடத்துல 25 செ.மீ. போனாலும் ரெட் 27, 28 மில்லிவோல்ட்தான் தரும்.

[8:26] நித்யா: டெனான் டிஎல்-103 மாதிரி எம்சி (காயில் அசையற வகை) பக்கம் மட்டும் போயிடாத தம்பி. அது 0.3 மில்லிவோல்ட். 4 மில்லிவோல்ட்ட விட 22 டிபி கம்மி. குமிழை முழுசா திருப்பினாலும் இரைச்சல்தான் முன்னாடி வரும்.

[8:27] கார்த்தி: அப்ப மூணுல எது போட்டாலும் ஒண்ணுதானாக்கா?

[8:31] நித்யா: இல்ல. பாக்க வேண்டியது கெப்பாசிட்டன்ஸ், அதாவது ஒயர்லயும் சர்க்யூட்லயும் மின்சாரம் தங்கற அளவு. எம்எம் கார்ட்ரிட்ஜ் உள்ள பெரிய காயில் இருக்கு. அந்த காயிலோட இண்டக்டன்ஸ் விஎம்95இல 550 மில்லிஹென்றி, ரெட்ல 700, ஓஎம் 5இல 450. அது கேபிள் கெப்பாசிட்டன்ஸோடயும் ரிசீவர் வாசல்ல இருக்கற கெப்பாசிட்டரோடயும் சேந்து ரெசொனன்ஸ் ஆகும், அதாவது ஒரு அதிர்வெண்ல மட்டும் சத்தம் மேடு கட்டும். அது 15 கிலோஹெர்ட்ஸ் தாண்டி இருந்தா தொல்லை இல்ல. 10, 11க்கு இறங்கிட்டா "ச", "ஸ" எல்லாம் சீறும், அதுக்கு மேல ஒண்ணும் இருக்காது. கூச்சலாவும் கேக்கும், மூடின மாதிரியும் கேக்கும்.

[8:33] நித்யா: கம்பெனி சொல்ற மொத்த கெப்பாசிட்டன்ஸ்: விஎம்95இ 100–200 பிஎஃப் (பிக்கோஃபாரட்), ரெட் 150–300, ஓஎம் 5இ 200–500

[8:35] சேகர்: உன் ரிசீவரோட சர்வீஸ் மேனுவல் நெட்ல கிடைக்கும். ஃபோனோ ஜாக்குலருந்து முதல் ஐசி வரைக்கும் வர்ற வழியில கிரவுண்டுக்கு என்ன கெப்பாசிட்டர் போட்டிருக்கான்னு பாரு. மீட்டர் வெச்சு அளக்காத, குறுக்க 47 கே ரெசிஸ்டர் இருக்கு, தப்பா காட்டும்.

[8:52] கார்த்தி: ஒரு சேனலுக்கு 220 பிஎஃப் போட்டிருக்கு

[8:53] சேகர்: நெனச்சேன். நெறைய ரிசீவர்ல அதேதான்.

[8:58] நித்யா: இப்ப டர்ன்டேபிள் பக்கம் அள. ஆர்சிஏ (ஒயர் முனையில இருக்கற ப்ளக்) ரெண்டையும் ரிசீவர்லருந்து கழட்டிடு. ஹெட்ஷெல்லயும் (ஆர்ம் நுனியில கார்ட்ரிட்ஜ மாட்டற பாகம்) கழட்டு, இல்லன்னா காயில் குறுக்க வந்து கணக்கு கெடும். மீட்டர் 2 நானோஃபாரட் ரேஞ்ச்ல வை. முனை ரெண்டும் எதையும் தொடாம இருக்கும்போதே ஏதோ காட்டும், அத குறிச்சுக்க, கடைசில கழிக்கணும். அப்புறம் ஆர்சிஏவோட நடு ஊசில ஒரு முனை, வெளி வளையத்துல ஒரு முனை.

[9:00] சேகர்: ஆட்டோமேட்டிக் டர்ன்டேபிள்னா ஆர்ம் ஓய்வுல இருக்கும்போது மியூட்டிங் சுவிட்ச் ரெண்டு சேனலையும் ஷார்ட் பண்ணி வெச்சிருக்கும், அளவே வராது. 1200ல அந்த வம்பு இல்ல.

[9:34] கார்த்தி: சும்மா இருக்கும்போது 25. இடது 165, வலது 167

[9:36] நித்யா: அப்ப 140. ரிசீவரோட 220 சேத்தா 360.

[9:37] நித்யா: 5033ஐ (மில்லிஹென்றி × பிஎஃப்) வர்க்கமூலத்தால வகுத்தா ரெசொனன்ஸ் நேரா கிலோஹெர்ட்ஸ்ல வரும். விஎம்95இக்கு 550 × 360, வர்க்கமூலம் 445. ஆக 11.3. ரெட்டுக்கு 10. ஓஎம் 5இக்கு 12.5, அதுக்கு 360 அவங்களே சொன்ன எல்லைக்குள்ளயும் இருக்கு.

[9:39] சேகர்: உன் ரிசீவருக்கு ரெட்தான் மூணுல மோசமான ஜோடி. நல்ல கார்ட்ரிட்ஜ்தான், வேற இடத்துல.

[9:41] கார்த்தி: அப்ப ஓஎம் 5இ ஆர்டர் போட்டுடவா?

[9:44] சேகர்: பொறு. ஓஎம் எடை 5 கிராம். 1200 கூட வர்ற ஹெட்ஷெல்லுக்கு கார்ட்ரிட்ஜ் 6லருந்து 10 கிராம் இருக்கணும். கம்மியா இருந்தா பேலன்ஸ் பண்ண கவுண்டர்வெயிட்ட (ஆர்ம் பின்னாடி இருக்கற எடை) முன்னாடி தள்ளிட்டே போவ, ஒரு இடத்துல முட்டி நின்னுடும், ஆர்ம் மிதக்காது. அதுக்குன்னு ஹெட்ஷெல் மேல வைக்கற குட்டி எடை ஒண்ணு டெக்னிக்ஸ் பெட்டியிலயே குடுப்பான். உன்கிட்ட இருக்கா?

[9:46] கார்த்தி: செகண்ட் ஹேண்ட் சித்தப்பா. பெட்டியே வரல

[9:49] சேகர்: அப்ப விஎம்95இ. 6.1 கிராம், நேரா உக்காரும். 12 கிராம் ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேந்து ஆடற லோ ரெசொனன்ஸும் (இது வேற ரெசொனன்ஸ்) 10 ஹெர்ட்ஸ் கிட்ட வரும், அது நல்ல இடம். கெப்பாசிட்டன்ஸ நம்ம பக்கம் சரி பண்ணிக்கலாம்.

[9:50] கார்த்தி: விலை கேபிள் வாங்கணுமா?

[9:55] நித்யா: கேபிள் மாத்தி பெரிய லாபம் இல்ல. ஒரு மீட்டருக்கு 50 பிஎஃப் உள்ள கேபிள சால்டர் பண்ணாலும் ஆர்ம் வயரோட சேத்து 80 வரும். மொத்தம் 300, அதுல 12.4. ரிசீவர்ல அந்த 220ஐ எடுத்துட்டு 100 போட்டா, பழைய கேபிளோடயே 13.9. ரெண்டும் பண்ணா 16. ஆனா ரிசீவர திறக்கணும், சால்டர் கை பழகியிருக்கணும்.

[9:58] சேகர்: திறக்காமயே ஒரு வழி. ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு ஆர்சிஏ ஒய் ஸ்பிளிட்டர். ஒரு காலில் டர்ன்டேபிள். இன்னொரு காலில் வெறும் ஆர்சிஏ ப்ளக், அதுக்குள்ள நடு ஊசிக்கும் வெளி வளையத்துக்கும் நடுவுல 150 கே ரெசிஸ்டர். கால் வாட், மெட்டல் ஃபிலிம், 1 சதவீதம். சில்லறைக் காசு. ரிசீவரோட 47 கேக்கு (கிலோஓம்) இணையா 150 கே போனா லோடு 36 கே ஆகும். அந்த 11 கிலோஹெர்ட்ஸ் மேடு கிட்டத்தட்ட 2 டிபி அமுங்கும்.

[9:59] நித்யா: மேல் அதிர்வெண்ல போன தெளிவு திரும்ப வராது, சீறல் குறையும். முதல்ல எதுவும் போடாம நாலு தட்டு கேளு. உறுத்தினா மட்டும் இத பண்ணு.

[10:02] வசந்தா பெரியம்மா: அந்த கல்லு மாதிரி கனமான எச்எம்வி தட்டெல்லாம் பரண்ல கெடக்குதே, அதையும் இதுல போடலாமா கார்த்தி

[10:05] சேகர்: இல்லைங்க அண்ணி, அதெல்லாம் 78. இந்த மெஷின்ல 33, 45 தான். வேகம் இருந்தாலும் ஊசி வேற வேணும். விஎம்95 உடம்புக்கே 78க்குன்னு தனி ஊசி விக்கறாங்க, 3 மில் (இன்ச்ல ஆயிரத்துல மூணு பங்கு) முனை, 5 கிராம் அழுத்தம். எல்பி ஊசிய அதுல வெச்சா பள்ளத்தோட அடியில போய் மண்ணைத்தான் வாரும்.

[10:06] வசந்தா பெரியம்மா: சரி அப்ப பரண்லயே இருக்கட்டும்

[10:10] அரவிந்த்: என்னோட டர்ன்டேபிள் ஃபோனோவுல சொருகினா கொரகொரன்னு கத்துதே, அதுவும் இந்த கெப்பாசிட்டன்ஸ்தானா மாமா?

[10:12] சேகர்: அது வேற மாப்ள. உன்னுதுல உள்ளயே ப்ரீஆம்ப் இருக்கு. பின்னாடி சுவிட்ச் லைன்ல இருக்கும், பாரு. ரெண்டு தடவ ஏத்தினா அப்படித்தான் உடையும். சுவிட்ச ஃபோனோவுக்கு தள்ளு, இல்லன்னா ஒயர ரிசீவரோட ஆக்ஸ்ல மாத்து.

[10:15] அரவிந்த்: 🙏 சரியாயிடுச்சு

[18:40] கார்த்தி: விஎம்95இ பக்கத்து கடையிலயே கிடைச்சிடுச்சு. மாட்டறப்ப என்ன பாக்கணும்?

[18:47] நித்யா: வெள்ளை இடது பிளஸ், நீலம் இடது மைனஸ், சிவப்பு வலது பிளஸ், பச்சை வலது மைனஸ். கார்ட்ரிட்ஜ் பின்ல சால்டர் வைக்கவே வைக்காத, சூட்டுல உள்ள காயில் ஒயர் விட்டுப்போகும். கிளிப் லூசா இருந்தா பல்குத்தும் குச்சிய உள்ள விட்டு குறட்டால லேசா அமுக்கி மாட்டு. ஊசி முனைலருந்து ஹெட்ஷெல் ரப்பர் வளையம் வரைக்கும் 52 மி.மீ. வர்ற மாதிரி ஸ்க்ரூவ முறுக்கு.

[18:53] சேகர்: ஊசி மூடிய கழட்டிட்டு ஆன்டி-ஸ்கேட் (ஆர்ம் உள்பக்கம் இழுபடாம பாத்துக்கற குமிழ்) 0ல வெச்சு ஆர்ம மிதக்க விடு. மிதந்ததும் கவுண்டர்வெயிட்ட அசைக்காம முன்னாடி இருக்கற எண் வளையத்த மட்டும் 0க்கு திருப்பு. அப்புறம் ரெண்டையும் சேத்து 2க்கு கொண்டுவா. 2 கிராம், 1.8லருந்து 2.2 வரைக்கும் சரி. ஆன்டி-ஸ்கேட்டும் 2. பயந்துட்டு 1.5 வெக்கிறவங்கதான் தட்ட கெடுக்கறாங்க, ஊசி பள்ளத்துல துள்ளும்.

[19:31] கார்த்தி: பாடுது! ஆனா ம்ம்ம்னு ஒரு சத்தம் கூடவே வருது

[19:32] நித்யா: ரெண்டு பக்கமுமா ஒரு பக்கமா?

[19:33] கார்த்தி: ரெண்டும்

[19:34] நித்யா: கிரவுண்ட் ஒயர். ஆர்சிஏ கூடவே தனியா தொங்கும், முனையில ஃபோர்க் மாதிரி இருக்கும். ரிசீவர் பின்னாடி ஜிஎன்டி ஸ்க்ரூவுல இறுக்கு. ஒரு பக்கம் மட்டும்னா ஹெட்ஷெல் கிளிப்ப பாக்கணும்.

[19:38] கார்த்தி: நின்னுடுச்சு. இடது பக்கம் மட்டும் கொஞ்சம் கம்மியா கேக்குதோன்னு இருக்கு

[19:40] சேகர்: ரிசீவர் பின்னாடி ஆர்சிஏ ரெண்டையும் இடம் மாத்தி சொருகிப் பாரு. கம்மி வலது பக்கம் போச்சுன்னா கோளாறு ஆர்ம் பக்கம். ஹெட்ஷெல்ல கழட்டி பின்னாடி இருக்கற நாலு புள்ளியையும் வெறும் துணியில துடைச்சு திரும்ப மாட்டு. கம்மி இடதுலயே நின்னா ரிசீவரோட பேலன்ஸ் குமிழ் நடுவுல இருக்கான்னு பாரு.

[19:52] கார்த்தி: பேலன்ஸ் குமிழ்தான் சித்தப்பா 🤦

[19:53] நித்யா: 😂 ரெசிஸ்டர் வேணுமா வேண்டாமான்னு நாளைக்கு சொல்லு, நாலு 150 கே என் டப்பாவுல கெடக்கு