வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் பொறுப்பு யாருடையது?

தேடல் (கேள்வி):

எங்கள் வாசகர் வட்டத்தின் அடுத்த கூட்டத்துக்காக, வாக்காளர் பதிவையும் வாக்களிப்பையும் குடிமக்களுக்கு எளிதாக்குவது பற்றிக் கட்டுரை ஒன்று தயாரித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க இரண்டு ஐயங்கள் தீராமல் நிற்கின்றன. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

முதலாவது, பெயரைப் பட்டியலில் ஏற்றும் பொறுப்பு யாருடையது என்பது. ஜெர்மனி, சுவீடன் போன்ற நாடுகளில் குடியிருப்போர் பதிவேட்டில் ஒருவர் பெயர் இருந்தால் அதிலிருந்தே வாக்காளர் பட்டியல் தயாராகி, தேர்தலுக்கு முன்பு அறிவிப்புக் கடிதம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. இந்தியாவில் பதினெட்டு வயது நிறைந்தவர் படிவம் 6-ஐத் தாமே நிரப்பித் தர வேண்டும். முன்பெல்லாம் ஜனவரி 1 என்ற ஒரே தகுதி நாள்தான் இருந்ததால், ஜனவரி 2-ஆம் தேதி பிறந்தவர் ஏறக்குறைய ஓராண்டு காத்திருக்க நேர்ந்தது. 2022 முதல் ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாள்களும் தகுதி நாள்களாகிவிட்டன. நல்ல மாற்றம்தான், ஆனால் விண்ணப்பிக்கும் வேலை அப்படியே குடிமகன் தலையில்தான் இருக்கிறது.

இரண்டாவது ஐயம் எங்கள் வட்டத்து நண்பர் ஒருவர் எழுப்பியது. தானாகப் பெயர் சேர்க்கும் முறையைக் கொண்டுவந்த மலேசியாவிலும் சிலியிலும் அதற்குப் பின் வாக்குப்பதிவுச் சதவீதம் குறைந்துவிட்டது என்று அவர் சுட்டிக்காட்டுகிறார். ஒரு படிவத்தை நிரப்பக்கூட மனமில்லாதவர் வரிசையில் நின்று வாக்களிக்கவா போகிறார், பட்டியல் வீங்குவதைத் தவிர இதனால் என்ன பயன் என்பது அவர் வாதம். எண்கள் அவர் பக்கம் இருப்பதுபோல்தான் தெரிகிறது. இதற்கு என்ன பதில் சொல்வது?

கணக்கன்:

உங்கள் நண்பர் சொல்லும் சதவீதங்கள் சரியானவையே; அவற்றிலிருந்து அவர் எடுக்கும் முடிவுதான் சரியில்லை. மலேசியாவின் எண்களையே பாருங்கள். 2018 பொதுத் தேர்தலின்போது பட்டியலில் இருந்தவர்கள் ஒன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைவு, வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 82 சதவீதம். 2021 டிசம்பர் 15 முதல் வாக்களிக்கும் வயது 21-இலிருந்து 18 ஆகக் குறைந்தது. தானியங்கிப் பதிவும் அதே நாளில் நடைமுறைக்கு வந்தது. 2022 நவம்பர் தேர்தலில் பட்டியல் 2.1 கோடியாகப் பெருகியது, சதவீதம் 74 அளவுக்கு இறங்கியது. பெருக்கிப் பார்த்தால் முதல் தேர்தலில் வாக்களித்தவர்கள் சுமார் 1.23 கோடிப் பேர், அடுத்ததில் ஒன்றரைக் கோடிக்கும் மேல். வகுக்கும் எண் பெரிதானதால் சதவீதம் இறங்கியதே தவிர, வாக்குச்சாவடிக்கு வந்தவர்கள் ஏறத்தாழ முப்பது லட்சம் பேர் கூடினார்கள். வயது வரம்பும் சேர்ந்தே மாறியதால் அந்த உயர்வு முழுவதையும் தானியங்கிப் பதிவின் கணக்கில் எழுத முடியாது என்பதையும் உங்கள் கட்டுரையில் குறிப்பிட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் நண்பர் அந்த இடத்தில்தான் பிடிப்பார்.

சிலியின் கதை வேறு. அங்கே 2012 வரை பதிவு செய்துகொள்வது அவரவர் விருப்பம், ஆனால் பதிவு செய்துவிட்டால் வாக்களிப்பது கட்டாயம். இந்த விசித்திர ஏற்பாட்டால் இளைஞர்கள் பலர் பட்டியல் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. 2012-இல் எல்லாரையும் தானாகச் சேர்த்தார்கள், கூடவே கட்டாயத்தையும் நீக்கினார்கள். பட்டியல் எண்பது லட்சத்துச் சொச்சத்திலிருந்து 1.3 கோடியைத் தாண்டியது. 2013 அதிபர் தேர்தலின் முதல் சுற்றில் அதில் பாதிப் பேர்கூட வரவில்லை, பதிவான வாக்குகளின் எண்ணிக்கையே முந்தைய தேர்தலைவிடக் குறைந்தது. பிறகு 2022 செப்டம்பரில் அரசியலமைப்பு வரைவு குறித்த பொது வாக்கெடுப்பில் கட்டாயம் திரும்பியதும் 85 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். இரண்டு தேர்தல்களிலும் பதிவு முறை ஒன்றே. மாறியது கட்டாயம் மட்டுமே. ஆகவே 2013-இன் சரிவுக்குப் பதிவு முறையைக் குற்றம் சொல்ல இடமில்லை.

ஆர்வமில்லாதவர்தான் பதிவு செய்யாமல் இருக்கிறார் என்பதில் ஓரளவு உண்மை உண்டு. அமெரிக்காவின் ஒரேகான் மாநிலம் 2016-இல் தானியங்கிப் பதிவைத் தொடங்கியபோது, அம்முறையில் சேர்க்கப்பட்டவர்களில் அவ்வாண்டு நவம்பர் தேர்தலில் வாக்களித்தவர்கள் பாதிக்கும் குறைவு. ஆயினும் அந்தப் பாதிக்குக் குறைவு என்பது ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். அவர்களை ஆர்வமில்லாதவர்கள் என்று தள்ளிவிட முடியுமா? வாக்களிப்பதா வேண்டாமா என்று தேர்தல் நாளன்று முடிவெடுப்பது ஒருவரது உரிமை. பல வாரங்களுக்கு முன்பே, தேர்தல் சூடு பிடிக்காத ஒரு நாளில், படிவம் கொடுக்காத காரணத்தால் அந்த முடிவை அவரிடமிருந்து பறித்துக்கொள்வது எந்த வகையில் நியாயம் என்று உங்கள் நண்பரைக் கேளுங்கள்.

சாவடிக்காரர்:

தேர்தல் பணியில் பல முறை வாக்குச்சாவடியில் அமர்ந்தவன் என்ற முறையில், பெயர் சேர்ப்பதைவிடப் பெயர் காணாமல் போவதுதான் பெரிய சிக்கல் என்று நினைக்கிறேன். காலை ஏழு மணி வரிசையில் நிற்பவர் முதல் அலுவலரின் மேசைக்கு வந்து அடையாள அட்டையை நீட்டுகிறார். அலுவலர் பட்டியலில் பாகம், வரிசை எண் பார்த்து, முகவர்கள் காதில் விழும்படி பெயரை உரக்கப் படிக்க வேண்டும். பெயர் இல்லை. பக்கத்துப் பாகத்தில் தேடச் சொல்கிறோம், அங்கும் இல்லை. “போன தேர்தலில் இதே பள்ளிக்கூடத்தில்தான் போட்டேன்” என்பார். அட்டை கையில் இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் அவரைத் திருப்பி அனுப்புவதைத் தவிர எங்களுக்கு வழியில்லை. அவர் பெயரில் வேறொருவர் ஏற்கெனவே வாக்களித்துவிட்டுப் போயிருந்தால்கூட டெண்டர் வாக்கு என்று தனிச்சீட்டு கொடுக்க விதியில் இடமுண்டு. பெயர் நீக்கப்பட்டவருக்கு அதுவும் இல்லை.

அமெரிக்காவில் 2002-ஆம் ஆண்டுச் சட்டம், இத்தகையவருக்குத் தற்காலிக வாக்குச்சீட்டு தர வேண்டும் என்கிறது. அவர் வாக்கை உறையிலிட்டுத் தனியே வைத்து, தகுதியைச் சரிபார்த்த பிறகு எண்ணுகிறார்கள். மின்னசோட்டா மாநிலத்தில் 1970-களிலிருந்தே தேர்தல் நாளன்று வாக்குச்சாவடியிலேயே பதிவு செய்யலாம். முகவரிச் சான்று இல்லையென்றால் அதே சாவடியின் பதிவுபெற்ற வாக்காளர் ஒருவர் கையொப்பமிட்டு உறுதியளிக்கவும் வழி உண்டு. எளிமையாக்கும் வழிகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். பட்டியல் எவ்வளவு கவனமாகத் தயாரிக்கப்பட்டாலும் பிழை இருக்கும். அந்தப் பிழை வாக்காளர் கண்ணில் படுவது பெரும்பாலும் தேர்தல் நாளில்தான். அன்றே திருத்த வழியில்லாத முறையில், அலுவலகத்தின் தவறுக்குத் தண்டனை அனுபவிப்பவர் வாக்காளர்.

பிழை எப்படி வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பல அரசுப் பதிவேடுகளை ஒப்பிட்டுத்தான் தானியங்கிப் பதிவும் நடக்கிறது, இரட்டைப் பதிவு நீக்கமும் நடக்கிறது. ஒரு பதிவேட்டில் முன்னெழுத்தோடு ‘மு. செல்வி’ என்றும், இன்னொன்றில் தந்தை பெயர் விரிந்து ‘செல்வி முருகன்’ என்றும், திருமணத்துக்குப் பின் மற்றொன்றில் கணவர் பெயரோடும் இருக்கும் ஒரே பெண்ணை, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணினி மூன்று பேராகக் கொள்ளும். மாறாக, ஒரே பெயரும் ஒரே பிறந்த ஆண்டும் உடைய இரண்டு பேரை ஒருவராகக் கருதி ஒருவரை நீக்கவும் செய்யும். கணினியின் சந்தேகத்தை வீடு தேடிச் சென்று விசாரிக்க ஆள் இல்லாத இடத்தில், நவீன முறை பழைய முறையைவிடக் கூடுதல் தீங்கு செய்யும்.

தேடல்:

இருவருக்கும் நன்றி. இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். வங்கிப் பணத்தையே கைபேசியில் அனுப்பும் காலத்தில் வாக்கை மட்டும் ஏன் அனுப்பக் கூடாது என்று இளைய உறுப்பினர்கள் கேட்கிறார்கள். எஸ்தோனியாவைக் காட்டுகிறார்கள். அதற்கும் விடை வேண்டியிருக்கிறது.

மறுபக்கம்:

வங்கிக் கணக்கில் தவறு நேர்ந்தால் யார், யாருக்கு, எவ்வளவு அனுப்பினார் என்று பார்த்துச் சரிசெய்யலாம். வாக்கில் யார் யாருக்குப் போட்டார் என்பதே எவருக்கும் தெரியக் கூடாது. கடினம் இங்கேதான் தொடங்குகிறது. எஸ்தோனியாவில் 2005 முதல் இணைய வாக்களிப்பு நடக்கிறது, 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கும் மேற்பட்ட வாக்குகள் அவ்வழியே வந்தன என்பதெல்லாம் உண்மை. ஆனால் அங்கே மின்னணுச் சில்லு பதித்த அடையாள அட்டை ஏறக்குறைய எல்லாரிடமும் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. வீட்டில் ஒருவர் பக்கத்தில் நின்று மிரட்டினாலும் பிறகு மாற்றிப் போட்டுக்கொள்ளும்படி, கடைசியாக அளித்த வாக்கே எண்ணப்படும் என்றும், தாள் வாக்கு அளித்தால் இணைய வாக்கு ரத்தாகும் என்றும் விதி செய்திருக்கிறார்கள். நார்வே 2011-லும் 2013-லும் சோதித்துப் பார்த்து 2014-இல் கைவிட்டுவிட்டது. ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009-இல், சாவடியில் வைக்கும் வாக்கு இயந்திரங்கள் தொடர்பான வழக்கிலேயே, தேர்தலின் முக்கியக் கட்டங்களைத் தொழில்நுட்ப அறிவு இல்லாத சாதாரணக் குடிமகனும் சரிபார்க்க முடிய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இணைய வாக்களிப்பு அந்தத் தேர்வில் எப்படித் தேறும் என்று எனக்கு விளங்கவில்லை.

தானியங்கிப் பதிவைப் பற்றியும் ஒரு சொல். இங்கே எல்லாரும் அதைப் புகழ்ந்துவிட்டீர்கள். நண்பர் கணக்கன் சொன்ன அதே ஒரேகானில், குடியுரிமைச் சான்று காட்டாதவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஓட்டுநர் உரிமப் பதிவேட்டின் வழியே தவறுதலாகச் சேர்க்கப்பட்டிருந்தது 2024-இல் வெளிவந்தது. அவர்களில் வாக்களித்தவர்கள் மிகச் சிலரே, தேர்தல் முடிவு எதுவும் மாறவில்லை. ஆனாலும் தாம் கேட்காமலே பட்டியலில் ஏறிய, குடியுரிமை இல்லாத ஒருவர், தெரியாமல் வாக்களித்துவிட்டால் குடியேற்றச் சட்டத்தின் முன் குற்றவாளியாகிறாரே, அதை யார் ஏற்பது? அரசு பொறுப்பெடுத்துக்கொள்ளட்டும், ஆனால் குடியுரிமை உறுதியான பதிவேட்டிலிருந்து மட்டும் பெயர்களை எடுக்கட்டும்.

சாவடிக்காரர்:

மறுபக்கம் ஐயாவின் எச்சரிக்கையை முழுமையாக ஏற்கிறேன். அதே சமயம், எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவர்களை மறந்துவிடக் கூடாது. வீடற்றவர்களைச் சேர்ப்பதற்கு இந்தியத் தேர்தல் ஆணையத்தின் நடைமுறை ஒன்று இருக்கிறது. படிவத்தில் குறிப்பிட்ட இடத்துக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் சென்று, அவர் உண்மையிலேயே அங்கே உறங்குகிறாரா என்று ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் பார்க்க வேண்டும். பார்த்து உறுதியானால் வேறு முகவரிச் சான்று தேவையில்லை. மேம்பாலத்தின் தூண் அருகே உறங்குபவரைத் தேடி அதிகாரி போக வேண்டும் என்று எழுதிவைத்திருப்பது, பொறுப்பு யாருடையது என்ற உங்கள் முதல் கேள்விக்கு விதிப்புத்தகமே தரும் விடை. நடைமுறையில் எத்தனை பேர் இரவில் போகிறார்கள் என்பது வேறு விஷயம்.

பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் போனவர்களுக்குத்தான் இன்னும் வழி பிறக்கவில்லை. சட்டப்படி அவர் சாதாரணமாக வசிக்கும் இடத்தில் வாக்காளராக வேண்டும். கட்டடப் பணி முடிந்ததும் அடுத்த நகரத்துக்குப் போகிறவர் எதை வசிப்பிடம் என்று காட்டுவார்? ஓர் இயந்திரத்திலேயே 72 தொகுதிகளுக்கான வாக்குகளைப் பதிவு செய்யும் மாதிரி ஒன்றை ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளிடம் காட்ட முயன்றது, எதிர்ப்பு கிளம்பவே அதோடு நின்றது. 85 வயதைக் கடந்தவர்களுக்கும் 40 சதவீதமோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் 2024 மக்களவைத் தேர்தலில் வீட்டுக்கே சென்று வாக்குப் பெற்றோம். புலம்பெயர்ந்த தொழிலாளிக்கும் அப்படி ஏதேனும் ஒன்று வேண்டும். அஞ்சல் வாக்கே போதும் என்பது என் கருத்து.

கட்டுரையில் நீக்கத்துக்கென்று தனிப் பகுதி ஒதுக்குங்கள். 2025-இல் பீகாரில் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 65 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. அவர்களின் பெயர்களைக் காரணத்தோடு வெளியிடும்படி உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில் உத்தரவிட்ட பிறகே, இறந்தவர், இடம் மாறியவர், இரட்டைப் பதிவு என்று இன்னாருக்கு இன்ன காரணம் எனத் தேடிப் பார்க்க முடிந்தது. அப்படிப்பட்ட பட்டியல் ஒவ்வொரு திருத்தத்தின்போதும் சாவடி வாரியாகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும், நீக்கப்பட்டவரின் கைபேசிக்கும் வீட்டுக்கும் அறிவிப்பு போக வேண்டும், மறுப்புச் சொல்ல அவருக்குக் குறைந்தது ஒரு மாதம் தர வேண்டும் என்று எழுதுங்கள். வாசகர் வட்டத்தில் யாராவது செலவைப் பற்றிக் கேட்டால், பூத் சிலிப்பை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் அதே அலுவலர்தான் இதையும் கொடுக்கப்போகிறார் என்று சொல்லுங்கள்.