‘லைவ்’ இயங்குதளத்தைத் தமிழில் எப்படி அழைப்பது?

அன்பர்களுக்கு வணக்கம்.

விண்டோஸைப் போல லினக்ஸும் கணினியை இயக்கும் ஓர் இயங்குதளம். கணினியில் நிறுவாமல், விரலியிலிருந்தே (யூஎஸ்பி பென் டிரைவிலிருந்தே) தொடக்கி ஓட்டிப் பார்க்கக்கூடிய லினக்ஸை ஆங்கிலத்தில் ‘லைவ்’ என்ற அடைமொழி சேர்த்து வழங்குகிறார்கள். அதற்குத் தமிழில் எது பொருந்தும் என்ற பேச்சில் இதுவரை ‘நேரலை’, ‘உயிர்’, ‘விருந்து’, ‘வெள்ளோட்டம்’ ஆகியவை முன்வைக்கப்பட்டிருக்கின்றன. நான் ‘நிறுவாத் தளம்’ என்பதை முன்வைக்கிறேன். இந்தச் சொல் ஒரு பெரியவர் கேட்ட கேள்வியிலிருந்து பிறந்தது என்பதால், அந்தக் கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், ஒரு கோயில் மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் சிலருக்குக் கணினி சொல்லித் தருகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பிறந்து, பால்மரங்கள் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்த பிறகு தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) குடியேறியவர்கள். அவர்களுள் ஒருவர் ஓய்வு பெற்ற தோட்டத்துக் கிராணி, அதாவது எழுத்தர். எழுபதைத் தாண்டியவர். அவருடைய மடிக்கணினி இரண்டாம் தலைமுறை ஐ3 செயலியும் 4 ஜிபி நினைவகமும் சுழலும் வன்தட்டும் கொண்டது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறைச் செயலியும் இதில் இல்லை. பட்டணத்துக் கடையொன்றில் காட்டியபோது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கச் சொல்லிவிட்டார்களாம். அந்த வன்தட்டில் கோயில் வரவு செலவுக் கணக்கும், பேரப்பிள்ளைகளின் படங்களும், தோட்டத்துப் பழைய செக்ரோல் ஏடுகளை (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடுகளை) அவரே பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்த தொகுப்பும் இருந்தன.

லினக்ஸ் வகைகளுள் ஒன்றான மிண்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஒரு 8 ஜிபி விரலியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். அதைச் செருகப் போகும்போது அவர் கணினியின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

“தம்பி, இதப் போட்டா உள்ள இருக்கிறது அழிஞ்சிடுமா?”

“இல்லைங்க ஐயா, இது லைவ்.”

“லைவ்னா? தைப்பூசத்துக்குப் பத்துமலையிலேருந்து காட்டுறாங்களே, அதுவா?”

‘நேரலை’ என்ற சொல் என்னைப் பொறுத்தவரை அங்கேயே விழுந்துவிட்டது. ஓரிடத்தில் நடப்பதை அந்நேரமே வேறிடத்தில் காட்டுவது என்று அந்தச் சொல்லுக்குத் தமிழில் பொருள் நிலைத்துப் போயிற்று. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பது ஆங்கிலத்தின் வசதி; அதை நாம் சுமக்க வேண்டியதில்லை. ‘உயிர் வட்டு’, ‘உயிர்த் தளம்’ என்பனவற்றையும் அவரிடம் சொல்லிப் பார்த்தேன். “அப்ப இப்ப இருக்கிறது செத்துப்போச்சா?” என்றார். கடைக்காரரின் தீர்ப்பை நானே உறுதிசெய்ததுபோல் ஆகிவிட்டது.

‘விருந்து’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. புதிதாக வருவது, சில நாள் தங்கிவிட்டுப் போவது என்ற இரண்டு பொருளும் அதில் அழகாகப் பொருந்துகின்றன. ஆனால் ஓர் இயங்குதளத்துக்குள் மெய்நிகர்ப் பொறி (மென்பொருளால் ஆன கணினி) அமைத்து, அதனுள் இன்னோர் இயங்குதளத்தை ஓட்டும்போது, உள்ளே ஓடுவதை விருந்தினர் என்றும் வெளியே தாங்குவதை விருந்தோம்பி என்றும் சொல்லும் வழக்கம் முன்பே இருக்கிறது. அங்கே வீட்டுக்காரர் விழித்திருக்க, விருந்தினர் ஓர் அறையில் இருக்கிறார். விரலியிலிருந்து தொடங்கும்போதோ வீட்டுக்காரர் எழுந்திருப்பதே இல்லை. விண்டோஸ் வன்தட்டில் உறங்கிக்கொண்டிருக்க, செயலி, நினைவகம், திரை எல்லாம் வந்தவர் கையில் இருக்கின்றன. இவ்வளவு வேறுபட்ட இரண்டை ஒரே சொல்லால் குறித்தால் பாடம் நடத்துகிறவர்தான் திண்டாடுவார்.

‘வெள்ளோட்டம்’ என்பதை மறுப்பது கடினம். புதுத் தேரை வெறுமனே இழுத்துப் பார்ப்பதற்கு நாம் சொல்லும் சொல் அது. சக்கரம் உருள்கிறதா, அச்சு தாங்குகிறதா, தெருத் திருப்பத்தில் திரும்புகிறதா என்று பார்ப்பதற்காக நடப்பது. கிராணி ஐயாவின் கணினியில் நாங்கள் செய்ததும் அதுவே. எஃப்12 விசையை அழுத்தி விரலியைத் தேர்ந்தெடுத்தோம். திரை சரியான அளவில் வந்தது, ஒலி வந்தது, சுட்டுப்பலகை நகர்ந்தது. வைஃபை மட்டும் வரவில்லை. அதன் சில்லுக்கான இயக்கி தனியாக வேண்டியிருந்ததால், கைப்பேசியைக் கம்பியால் இணைத்து இணையத்தைப் பெற்றோம். நிறுவுவதற்கு முன்பே இது தெரிந்தது எவ்வளவு பெரிய நன்மை என்பது, நிறுவிய பிறகு தெரிந்துகொண்டு விழித்தவர்களுக்குப் புரியும். நானும் அப்படி விழித்தவன்தான்.

இருந்தும் ‘வெள்ளோட்டம்’ செயலின் பெயர். பொருளின் பெயராக அதை நீட்ட முடியாது. இதே விரலியைக் கொண்டு, விண்டோஸ் எழும்பாமல் போன கணினிகளிலிருந்து கோப்புகளை மீட்டுக் கொடுத்திருக்கிறேன். அது வெள்ளோட்டம் ஆகாது. யாரும் எதையும் சோதித்துப் பார்க்கவில்லை. மேலும் முழுமையடையுமுன் சோதனைக்காக ‘பீட்டா’ நிலையில் வெளிவரும் மென்பொருளுக்கு ‘வெள்ளோட்டப் பதிப்பு’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். ‘வெள்ளோட்டம் பார்த்தல்’ என்ற வினையை வைத்துக்கொள்வோம். அதை விட மனமில்லை. பெயர்ச்சொல் தனியாக வேண்டும்.

‘லைவ்’ என்ற சொல் எதற்கு எதிர்ச்சொல்லாகப் புழங்கியது என்பதை இங்கே நினைவுபடுத்துவது நல்லது. ஜெர்மனியில் கிளவுஸ் நாப்பர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நாப்பிக்ஸ் என்ற லினக்ஸ், ஒரே குறுந்தகட்டிலிருந்து முழு மேசைத்தளத்தையும் ஓட்டிக் காட்டியதால்தான் இந்த முறை பரவலாயிற்று. உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் 2004 அக்டோபரில் தன் முதல் பதிப்பான 4.10ஐக் கொண்டுவந்து, கேட்டவர்களுக்கெல்லாம் குறுந்தகடுகளை இலவசமாக அனுப்பிய காலத்தில், ஒரே உறைக்குள் இரண்டு தகடுகள் இருந்தன. ஒன்று நிறுவுவதற்கு, மற்றொன்று நிறுவாமல் ஓட்டுவதற்கு. 2006இல் வந்த 6.06 பதிப்பில்தான் இரண்டும் ஒரே தகட்டில் சேர்ந்தன. ஆகவே அந்த இரண்டாவது தகட்டின் தனித்தன்மை ‘உயிரோடு இருப்பது’ ஆகாது. நிறுவாமலே ஓடுவதுதான் அதன் தனித்தன்மை. ஆங்கிலம் அதை மறைமுகமாகச் சொல்லிற்று. தமிழில் நேராகவே சொல்லலாம்.

கிராணி ஐயாவிடம் இறுதியில் நான் சொன்னதும் இதுதான்: “இது நிறுவாம ஓடும் ஐயா.” உடனே கையை எடுத்துவிட்டார். ‘நிறுவு’ என்பது கணினி தெரிந்தவர்களின் சொல், பொதுமக்களுக்குப் புரியாது என்று இந்தப் பேச்சில் ஒரு கருத்து வந்தது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகையில் ‘நிறுவப்பட்டது’ என்ற சொல்லைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்த தலைமுறை அது. நிலத்தில் கால் ஊன்றி நிற்பதைத்தான் நிறுவுதல் என்று அவர்கள் அறிவார்கள். இது கால் ஊன்றவில்லை என்றதும் புரிந்துவிட்டது.

இலக்கணத்தைப் பொறுத்தவரை, ‘நிறுவா’ என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ‘வாடா மலர்’, ‘ஓயா உழைப்பு’ போன்றது. தளம் தானாக எதையும் நிறுவாது, தளத்தைத்தான் நாம் நிறுவவில்லை, ஆகவே எழுவாய் மாறுகிறதே என்று யாழ்ப்பாணத்து அன்பர் ஒருவர் கேட்கலாம். கேட்பார் என்றே நினைக்கிறேன். வேதத்தைக் குறிக்கும் ‘எழுதாக் கிளவி’ என்பதில் கிளவியா (சொல்லா) எழுதுகிறது? செயப்படுபொருளை இப்படி முடிப்பது நம் மொழிக்குப் புதிதன்று.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. அன்று ஐயா தமிழில் தட்டச்சு செய்து பார்க்க ஆசைப்பட்டார். தமிழ்99 என்ற விசைப்பலகை முறைக்காக, ஐபஸ் என்ற தட்டச்சுக் கட்டமைப்பையும் அதற்குரிய எம்17என் பொதியையும் அங்கேயே நிறுவினேன். “நிறுவாமல் ஓடும் என்றீர்களே, இப்போது எதையோ நிறுவுகிறீர்களே?” என்று வகுப்பிலிருந்த ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. விரலியில் இருக்கும் இயங்குதளம் சுருக்கப்பட்ட, வாசிக்க மட்டுமே முடிகிற ஒரு பெருங்கோப்பு. அதன்மேல் நினைவகத்தில் ஒரு மெல்லிய அடுக்கு விரிக்கப்பட்டு, நாம் செய்யும் மாற்றங்கள் எல்லாம் அந்த அடுக்கில்தான் எழுதப்படுகின்றன. கணினியை அணைத்ததும் அடுக்கு கலைந்துவிடும். மறுமுறை தொடக்கியபோது தமிழ்99 இல்லாமல் போனதைக் கண்டு அவளே புரிந்துகொண்டாள். ‘நிறுவா’ என்பது தளத்துக்குரிய அடைமொழி. அதன்மேல் தற்காலிகமாக ஏற்றப்படும் செயலிகளுக்கு உரியதன்று என்று விளக்கக் குறிப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

மாற்றங்களை விரலியிலேயே ஒரு தனிப் பகுதியில் சேமித்துக்கொள்ளும் வசதியும் உண்டு. அப்போதும் அது நிறுவாத் தளமே. ‘சேமிக்கும் நிறுவாத் தளம்’ எனலாம். ‘நினைவுள்ள’ என்ற அடைமொழி வேண்டாம். நினைவகம் என்றால் அணைத்ததும் மறப்பது என்று இப்போதுதான் ஒருவழியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். வன்தட்டில் நிறுவுவதுபோலவே விரலியில் முறைப்படி நிறுவிக்கொள்வது முற்றிலும் வேறு. அதற்கு ‘விரலியில் நிறுவிய தளம்’ என்றே எழுதலாம், புதுச் சொல் தேவையில்லை.

வன்தட்டைத் தொடாது என்ற பொருளில் ‘தொடாத் தளம்’ என்று கோலாலம்பூர் நண்பர் நேரில் பேசும்போது சொன்னார். அச்சத்தைப் போக்கும் சொல்தான், ஆனால் உண்மையன்று. நிறுவாத் தளத்தில் கோப்பு மேலாளரைத் திறந்து வன்தட்டைச் சொடுக்கினால் அது திறக்கும். ஐயாவின் செக்ரோல் படங்களை அப்படித்தான் பார்த்தோம். பார்க்க முடிந்தால் அழிக்கவும் முடியும். போதாக்குறைக்கு, மேசைத்தளத்திலேயே ‘நிறுவுக’ என்ற படவுரு கண்ணைப் பறிக்கும் விதமாக உட்கார்ந்திருக்கிறது. அதைச் சொடுக்கி, வன்தட்டை முழுவதும் அழித்து நிறுவும் தெரிவை ஏற்றுக்கொண்டால், தொடாத் தளம் தொட்டு முடித்துவிடும். தராத உறுதியைச் சொல்லுக்குள் வைக்கக்கூடாது.

அச்சம் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது தலைப்பிலிருந்து சற்று விலகினாலும் அதே நிறுவல் திரையில் வருவது. வன்தட்டைப் பகுதிகளாகப் பிரிப்பதற்குத் ‘துண்டாடல்’ என்ற சொல்லைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். தமிழ்நாட்டில் அது வெறும் வினைச்சொல்லாக ஒலிக்கலாம். மலேசியத் தமிழரின் காதில் அது ‘தோட்டத் துண்டாடல்’. 1950களிலும் 60களிலும் அயல்நாட்டு முதலாளிகள் பெருந்தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது வேலையையும் வீட்டையும் சேர்த்து இழந்தவர்களின் பிள்ளைகள்தான் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். தொழிலாளரே சேர்ந்து தோட்டங்களை வாங்குவதற்காக, அன்றைய மலேசிய இந்தியர் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் அதனால்தான். அவர் எங்கள் சுங்கை சிப்புட்டுக்காரர். “உங்கள் வன்தட்டைத் துண்டாடப் போகிறேன், ஐயா” என்று ஒரு பழைய கிராணியிடம் சொல்ல எனக்கு வாய் வராது. ‘பகுதி பிரித்தல்’ போதும். ஒரு சொல் அகராதியில் குற்றமற்றதாக இருந்தாலும், எந்த ஊரில் அது முன்பே வேலை செய்திருக்கிறது என்று பார்த்துவிட்டு எடுப்பது நல்லது.

இன்னும் பழைய 32 பிட்டு கணினிகளுக்கு மிண்ட்டின் முதன்மைப் பதிப்பு உதவாது. 20ஆம் பதிப்பிலிருந்து அது 64 பிட்டுக்கு மட்டுமே வருகிறது. அவற்றுக்கு ஆன்டிஎக்ஸ், பப்பி போன்ற இலகுவான லினக்ஸ்களைத் தேட வேண்டும். சொல் இவை எல்லாவற்றுக்கும் பொதுவாகவே இருக்கும்.

ஆகவே என் முன்மொழிவு இது: பொருளுக்கு ‘நிறுவாத் தளம்’, அதைக் கொண்டு பழகிப் பார்க்கும் செயலுக்கு ‘வெள்ளோட்டம்’. விரலியை ‘நிறுவாத் தள விரலி’ என்று நீட்டி எழுத வேண்டியிருப்பது எனக்கும் உறுத்துகிறது. ‘நிறுவா விரலி’ என்று சுருக்கினால், விரலியை எங்கே நிறுவுவது என்று கேட்பார்கள். இதைவிடக் குறுகிய வடிவம் யாருக்காவது தோன்றினால் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வேன்.

எழுத்துமுறையில் ஒரு சிக்கல் இப்போதே தொடங்கிவிட்டது. விரலியை ஐயாவிடமே விட்டுவந்தேன். மூன்று வாரமாக அதிலிருந்துதான் ஓட்டுகிறார், நிறுவுவதற்கு இன்னும் மனம் வரவில்லை. போன ஞாயிறு அதைக் கொண்டுவந்தபோது, அதன்மேல் வெள்ளை ஒட்டுத்தாளைச் சுற்றி, செக்ரோல் எழுதிய அதே சாய்வான கையெழுத்தில், கறுப்பு மையால் ‘நிறுவாதளம்’ என்று ஒரே சொல்லாக, ஒற்றில்லாமல் எழுதியிருந்தார். “இடையில ஒரு ‘த்’ வரணும் ஐயா” என்றேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எடம் இல்லியே தம்பி” என்றார்.