கீட்டாவில் (ஜெர்மனியில் குழந்தைகள் காப்பகம்) பிள்ளை வாயே திறக்கலையாம், வீட்டில் தமிழை நிறுத்தணுமா?

குழித்துறைக்காரி:
அக்காமாரே, அண்ணன்மாரே, அவசரம். ஜெர்மனிக்கு வந்து நாலு மாசம். நர்ஸ் வேலை, ஷிப்ட். பையனைக் கீட்டாவில் விட்டு ஆறு வாரமாச்சு. நேத்து டீச்சர் கூப்பிட்டு, "ஒரு வார்த்தை பேசல, வீட்டில் என்ன மொழி?"ன்னு கேட்டாங்க. தமிழை நிறுத்திரட்டா? திங்கக்கிழமை பதில் சொல்லணும்.

தக்கலை அண்ணன்:
தங்கச்சி, பிள்ளைக்கு என்ன வயசு? எந்த ஊரு? அதைச் சொல்லலையே. எதுக்கும் பணத்தைப் பாத்துக்கோ. பெர்லினில் கீட்டாவுக்குக் கட்டணம் இல்ல, சாப்பாட்டுக்குத்தான் மாசாமாசம் கொஞ்சம் கட்டணும். மத்த இடங்களில் வேற கணக்கு. ஒரு வயசு முடிஞ்ச பிள்ளைக்கு இடம் கேக்கது 2013 ஆகஸ்டிலிருந்து சட்டப்படி உரிமை. தரலைன்னா பிள்ளைங்க நலனைப் பாக்குற யுகென்ட்அம்ட் ஆபீஸில் எழுதிக் கொடு.

இரணியல்:
இடந்தான் கெடச்சாச்சே அண்ணே.

குளச்சல்:
வீட்டிலயும் ஜெர்மன் மட்டும் பேசு. ஜெர்மன் கார்ட்டூனை ஓடவிடு, காது பழகும்.

பத்மநாபபுரம் அக்கா:
கார்ட்டூன் பிள்ளைக்குப் பதில் சொல்லுமா? ரெண்டு வயசுப் பிள்ளைக்கே ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல திரை வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் 2019-லயே சொல்லியாச்சு. பி2 பரீட்சை வரை படிச்ச ஜெர்மனில் நோயாளிகிட்டப் பேசலாம், பிள்ளையைக் கொஞ்ச முடியுமா? நம்ம குமரி மாவட்டத்தில், கேரள எல்லையில் விளவங்கோடு பக்கம் பிள்ளைங்க தமிழும் மலையாளமும் சேத்துக் கேட்டுத்தான் வளருது. எந்தப் பிள்ளைக்கு நாக்கு குழம்பிச்சு?

இரணியல்:
ஆறு மணி ஷிப்டுக்கு ஏழு மணிக்குத் திறக்குற கீட்டா. இதை யாரும் பேச மாட்டாங்க. பிள்ளையைப் பாத்துக்க ஊரிலிருந்து அம்மையைக் கூட்டலாம்னா 180 நாளில் 90 நாள்தான் விசிட் விசா.

தக்கலை அண்ணன்:
அதுக்கும் 30,000 யூரோவுக்குக் காப்பீடு எடுக்கணும்.

நாகர்கோவில் (பேச்சுப் பயிற்சியாளர்):
விசாவை அப்புறம் பேசுங்க. மோளே, மூணு விஷயம் சொல்லு. வயசு மாசக் கணக்கில் எவ்வளவு? வீட்டில் தானா எத்தனை வார்த்தை சொல்றான்? "பால் வேணும்" மாதிரி ரெண்டு வார்த்தை சேருதா? மம்மம், உவ்வா எல்லாம் வார்த்தைதான், எண்ணிக்கோ. புது மொழி கேக்குற இடத்தில் பிள்ளைங்க சில மாசம் மௌனமா இருக்கது சகஜம். வீட்டிலயும் அப்படின்னா வேற கதை.

குழித்துறைக்காரி:
25 மாசம் அக்கா. இருபது வார்த்தை வரும்: வெள்ளம் (தண்ணிதான்), வண்டி, வேண்டாம்… சேத்துச் சொல்ல மாட்டான். கீட்டா போனதிலிருந்து சளி விடவே இல்ல. பின்னாலிருந்து கூப்பிட்டா சில நேரம் திரும்ப மாட்டான்.

நாகர்கோவில்:
இதை முதல்லயே சொல்லியிருக்கணும். எல்லா மொழியும் சேத்து எண்ணினா ரெண்டு வயசில் சுமார் 50 வார்த்தை, ரெண்டு ரெண்டாச் சேக்கணும். இவன் பிந்தியிருக்கான். காரணம் தமிழ் இல்ல. காதைப் பாக்கணும். சளியில் செவிப்பறைக்குப் பின்னால நீர் கட்டும், தண்ணிக்குள்ள முங்கிக் கேக்குற மாதிரி மந்தமாக் கேக்கும். காதில் சின்ன முனையை வச்சுக் காத்தழுத்தம் பாப்பாங்க, சில நொடிதான், வலிக்காது. காது டாக்டருக்குக் குழந்தை டாக்டர்கிட்டச் சீட்டு வாங்கு. பேச்சுப் பயிற்சிக்கும் டாக்டர்தான் எழுதணும்.

தமிழை நிறுத்தாதே. அவன் "வண்டி"ன்னா நீ "பெரிய வண்டி", "வண்டி போச்சு"ன்னு ஒண்ணு கூட்டிச் சொல்லு, அஞ்சு எண்ணுற வரை காத்திரு. "இது என்ன, இது என்ன"ன்னு பரீட்சை வைக்காதே.

திங்கக்கிழமை டீச்சர்கிட்ட ஒரு தாள் கொடு. அவன் சொல்ற இருபது வார்த்தையும் ஜெர்மன் எழுத்தில், பக்கத்தில் அர்த்தம். அவன் "வெள்ளம்"னு கேட்டிருப்பான், அவங்களுக்கு உளறலாத்தான் கேட்டிருக்கும். நம்ம மாவட்டத்திலேயே தோவாளைக்காரிக்கு அது சட்டுன்னு புரியாது.

குழித்துறைக்காரி:
டாக்டரைப் பாக்க டெர்மின் (நேரம்) கேட்டா மூணு மாசம் கழிச்சுத்தான்னு சொல்றாங்க அக்கா.

நாகர்கோவில்:
ரெண்டு வயசையொட்டிப் பிள்ளைங்களுக்குச் செய்யுற "யூ 7" பரிசோதனைன்னு பேரைச் சொல்லிக் கேளு. அது 21 முதல் 24 மாசத்துக்குள்ள, தள்ளினாலும் 27 வரைதான். அந்தக் கெடுவைச் சொன்னா முன்னால போடுவாங்க. இல்லைன்னா டாக்டர் டெர்மின் பிடிச்சுத் தர்ற 116117 நம்பருக்குக் கூப்பிடு. நம்ம ஊர் ஊசி அட்டையையும் எடுத்துட்டுப் போ, இந்தப் பரிசோதனைகளை எழுதுற மஞ்சப் புத்தகம் அங்கேயே தருவாங்க.