எல்டர்பெர்ரி தேநீர்: வெந்நீரில் ஊறவைத்தால் போதுமா?

வெண்பனி:
வணக்கம். உலர்ந்த எல்டர்பெர்ரி (எல்டர் மரத்தின் சின்னக் கரும்பழம்) ஒரு பாக்கெட் கிடைத்திருக்கிறது. வீட்டில் ஆள் மாற்றி ஆளாகச் சளி, இருமல். தேயிலைப் பை மாதிரி வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்தால் போதுமா? அப்படியே மெல்லலாம் என்கிறார் ஒருவர். பத்து மாதக் குழந்தைக்கும் இரண்டு சொட்டு கொடுக்கலாமா?

பச்சிலை:
மெல்லவே வேண்டாங்க. ஊறவைத்தாலும் போதாது, கொதிக்கவிட வேண்டும். வேகாத பழத்திலும் அதன் விதையிலும் சயனைடை வெளிவிடும் பொருள் இருக்கிறது. வாந்தி, வயிற்றுப்போக்கு என்று படுத்திவிடும். நன்றாக வெந்தால் அந்த ஆபத்து போய்விடும்.

நான் செய்வது இப்படித்தான். இரண்டு கப் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி பழம். பச்சைத் தண்ணீரிலேயே போட்டு, கொதி வந்ததும் தீயைக் குறைத்து இருபது நிமிடம். மிளகு மாதிரி சுருங்கிக் கிடந்தவை மெல்ல உப்பி, தண்ணீர் அடர் ஊதாவாகிவிடும். கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு துண்டு இஞ்சி. கரண்டியின் பின்பக்கத்தால் லேசாக அழுத்தி வடிகட்டினால் சரி. எலுமிச்சை பிழிந்தால் ஊதா அப்படியே சிவப்பாக மாறும், பயப்படாதீர்கள். நிறமிக்குப் புளிப்பு பட்டால் அப்படித்தான். துணியில் சிந்தினால் மட்டும் கறை போகாது. தேனை, குடிக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு கலக்குங்கள்.

குழந்தைக்கு இரண்டு சொட்டு கூட வேண்டாம். தேனும் ஒரு வயதுக்குள் கூடவே கூடாது. அந்த வயதில் சளி என்றால் மருத்துவரிடம் காட்டுவதுதான் முறை.

தும்பை:
இது உண்மையிலேயே ஃப்ளூவைக் குணப்படுத்துமா? எங்கள் வேலிப் பக்கம் ஒரு எல்டர் மரமும் நிற்கிறது. கொத்தோடு ஒடித்துக் கொதிக்க வைக்கலாமா?

பச்சிலை:
கொத்தோடு வேண்டவே வேண்டாம். இலை, தண்டு, காய் மூன்றிலும் அந்த நஞ்சு உண்டு. 1983-இல் கலிபோர்னியாவில் ஒரு குழுவினர் பழத்தை இலை, கிளையோடு நசுக்கிச் சாறு எடுத்துக் குடித்தார்கள். 11 பேருக்கு உடம்புக்கு முடியாமல் போய், 8 பேரை ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அதனால் நன்றாகக் கறுத்த பழத்தை மட்டும் ஒவ்வொன்றாக உதிர்த்து எடுங்கள். சிவப்புப் பழ வகையைத் தொடாதீர்கள். மரம் எதுவென்று சந்தேகம் இருந்தால், செடி அறிந்தவர் நேரில் பார்த்துச் சொல்லும்வரை பறிக்காதீர்கள்.

குணப்படுத்துமா என்றால், அப்படி நான் சொல்ல மாட்டேன். நார்வேயில் 60 பேரிடம் செய்த ஆய்வில் சிரப் குடித்தவர்களுக்குச் சுமார் நான்கு நாள் முன்னதாகவே ஃப்ளூ தொல்லை தணிந்தது. 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்விலோ பலன் எதுவும் தெரியவில்லை. எனக்குத் தொண்டைக்கு இதமாக இருக்கிறது, சூடாக நாலு வாய் உள்ளே போகிறது, அதற்காகக் குடிக்கிறேன். மூச்சு வாங்கினாலோ காய்ச்சல் விடாமல் அடித்தாலோ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டும்.

வெண்பனி:
ரொம்ப நன்றிங்க. அம்மா மூட்டுவாதத்துக்கு நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை எடுக்கிறார். அவருக்கு?

பச்சிலை:
அம்மாவுக்கு இப்போது கொடுக்காதீர்கள். எல்டர்பெர்ரி எதிர்ப்புச் சக்தியைத் தூண்டலாம் என்பதால், அந்த மாத்திரையோடு ஒத்துப்போகாமல் போகலாம். மாத்திரை எழுதிய மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். மீந்த தேநீரை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.