வெள்ளைக்கல் ஓடியது நாளமா, நரம்பா?

சேலத்திலிருந்து:

நண்பர்களுக்கு வணக்கம். நம் சேலத்துப் பாறைக் கையேட்டின் வரைவில் 'வெய்ன்', 'டைக்' இரண்டுக்குமே 'நாளம்' என்று போட்டிருக்கிறோம். இது சரிப்படாது. இரண்டும் விரிசலை நிரப்பியவைதான், ஆனால் நிரப்பியது வேறு. டைக்கில் பாறைக்குழம்பு புகுந்து உறைந்தது. வெய்னில் நீர் கரைத்துக் கொண்டுவந்த கனிமம் படிந்தது.

மாமாங்கம், செட்டிச்சாவடிப் பக்கத்து வெள்ளைக்கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தாய்ப்பாறை டூனைட், தீப்பாறை வகை. கார்பன் டை ஆக்சைடு கலந்த நீர் அதிலுள்ள ஆலிவின் என்ற மக்னீசியக் கனிமத்தைச் சிதைத்தது. பிரிந்த மக்னீசியம் விரிசல்களில் கார்பனேட்டாகத் தங்கியது. அதுதான் மேக்னசைட். கூடவே சிலிக்காவும் பிரியும். உலைச்செங்கல்லுக்குப் போகும் கல்லில் அது கூடினால் தரம் விழும்.

நாளம் என்றால் உள்ளே ஏதோ இன்னும் ஓடவேண்டும். இங்கே ஓட்டம் எப்போதோ நின்றுவிட்டது. ஓர் இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: நடுவில் தடித்து, கிளைத்து, மெலிந்து பின்னும் நரம்பு. சுரங்கத்தில் வெட்டிய முகத்திலும் அதே பின்னல். 'கல்நரம்பு' என் முன்மொழிவு. டைக்குக்கு 'பாறைச்சுவர்'.

ஏற்காட்டிலிருந்து:

ஐயா, கல்நரம்புக்கு என் ஒப்புதல். பாறைச்சுவர்தான் இடிக்கிறது. சுற்றியுள்ள பாறை முதலில் தேய்ந்தால்தான் டைக் சுவராக நிற்கும். டைக் முந்தித் தேய்ந்தால் பள்ளம். 'குழம்புப்பாளம்' என்றால் பிள்ளைகள் சோற்றோடு சேர்த்துச் சிரிப்பார்கள். உருக்கி வார்த்ததைப் பாளம் என்கிறோமே, 'வார்பாளம்' ஆகாதா?

வார்பாளத்தின் அடையாளமும் சொல்லிவிடலாம். குளிர்ந்த பாறையைத் தொட்ட ஓரம் சட்டென்று ஆறுவதால் அங்கே படிகங்கள் பொடிமணி. நடு மெல்ல ஆறுவதால் பருமணி. கல்நரம்பில் இது இருக்காது. பெரும்படிகப் பாறையான பெக்மடைட்டை எதில் சேர்ப்பது?

சேலத்திலிருந்து:

வார்பாளம் நன்று, பாறைச்சுவரை விட்டுவிடுகிறேன். பெக்மடைட் பாறைக்குழம்பின் நீர்ச்சத்து மிகுந்த கடைசி மிச்சம். படிகங்கள் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும். ஓரத்தில் பொடிமணி தெரியாவிட்டாலும் வார்பாளமே. எல்லைக்கோடு அங்கே சற்று மங்கல்தான்.

இன்னொரு திருத்தம். வெள்ளைக்கல் கிடைக்கும் குன்றுகளின் ஆங்கிலப் பெயரான 'சாக் ஹில்ஸ்' என்பதை வரைவில் 'சுண்ணாம்பு மலை' என்று பெயர்த்திருக்கிறோம். அதைப் படிக்கும் மாணவர் வெள்ளைக்கல்லைப் படிவுப்பாறையில் சேர்ப்பார். 'வெள்ளைக்கல் குன்றுகள்' என்று மாற்றி, சோதனையையும் பக்கத்திலேயே தருவோம்: நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு. சுண்ணாம்புக்கல் உடனே நுரைக்கும். மேக்னசைட் சும்மா கிடக்கும், அமிலத்தைச் சூடாக்கினால்தான் நுரைக்கும். தூளின்மேல் விட்டால் குளிர்ந்த அமிலத்திலும் லேசாக நுரைத்து ஏமாற்றும். அதனால் புதிதாக உடைத்த முகத்தில், தூளை ஊதிவிட்டு விடவேண்டும்.